பஞ்சாலையிலிருந்து சட்டமன்றத்திற்கு: என். ஜி. ராமசாமி

வேல்ஸ் நாட்டுத் தொழிலாளர் வரலாற்றில் மாபன் எனப்பட்ட வில்லியம் ஏபிரகாமை நாம் மறத்தற்கில்லை. 1842இல் பிறந்து சிறுவயதிலேயே நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கிய அவர், மெதடிஸ்டுச் சிற்றாலயத்தில் பிரசங்கிக்கப் பழகி, 1885இல் பாராளுமன்றம் சென்றார். கூட்டத்தில் கூச்சல் எழுந்தால் ஞானப்பாட்டொன்றைத் தொடங்கி அடக்கிவிடுவாராம்.

கொங்குநாட்டில் அவருக்கு ஒப்பானவரைத் தேடினால், கோவைப் பீளமேட்டில் 1912இல் பிறந்த என். ஜி. ராமசாமியிடம் வந்து சேர்கிறோம். ஆலயமன்று, ஆலை வாழ்வே அவருக்குப் பள்ளியாயிற்று. 1932இல் பைக்காரா மின்சாரம் வந்தபின் கோவையிலும் திருப்பூரிலும் பஞ்சாலைகள் பெருகின. 1934ஆம் ஆண்டுச் சட்டம் நாளொன்றுக்குப் பத்து மணிநேரம் என வரையறுத்தது. ஆயினும் வேலை தருவதும் நீக்குவதும் மேஸ்திரியின் கையிலேயே இருந்தன. இந்நிலையில் சங்கம் என்ற சொல்லே துணிவுடையோர் சொல்லாக இருந்தது.

1937இல் 215 உறுப்பினர் கொண்ட சென்னைச் சட்டமன்றத்தில் 6 இடங்கள் தொழிலாளருக்கென ஒதுக்கப்பட்டன. அத்தேர்தலில் ராமசாமியும் உறுப்பினரானார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ இருபத்தைந்து. அவருடைய நெருக்கடியும் அங்கேதான் தொடங்கிற்று எனலாம். ராஜாஜியின் அமைச்சரவை அவருடைய காங்கிரஸ் கட்சிக்குரியது. வேலைநிறுத்தம் செய்தோரோ அவருடைய தொழிலாளர். கோவை ஆலைகளின் கொந்தளிப்பை ஆராய அரசு விசாரணைமன்றம் ஒன்றை அமைக்க நேர்ந்தது. கட்சிக்கும் தொழிலாளருக்கும் இடையே நிற்பது சிறையைவிடக் கடினம் என்றே நாம் கருதுகிறோம். சிறையையும் அவர் கண்டார். 1943 பிப்ரவரியில், முப்பத்தொரு வயது நிரம்புமுன், மறைந்தார். ஏறத்தாழ மூன்றாண்டுகள் கழிந்து, 1946 ஜனவரி 8இல், சின்னியம்பாளையத்து ஆலைத் தொழிலாளர் நால்வர் கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டனர்.

கோவையில் ஆலைத்தொழிலுக்கு வழிதிறந்த ராபர்ட் ஸ்டேன்ஸ் பக்தியுள்ள கிறிஸ்தவர். 1862இல் பள்ளியும் நிறுவியவர். அவருடைய நற்பணியை நாம் குறைத்துரைக்கவில்லை. ஆனால் நம் நினைவில் அவர் இருக்குமளவுக்கு ராமசாமி இல்லை. மாபனுக்குப் பேச்சைக் கற்றுக்கொடுத்த சிற்றாலயம் சுரங்கத் தொழிலாளரின் சொந்த ஆலயம். நம் ஆலயங்களுக்கும் ஆலை வாயிலுக்கும் அத்தகைய உறவு இருந்ததா என்பது சபை வரலாற்று மாணவர் ஆராயவேண்டியதொன்று.

1984இல் திருப்பூர்ப் பனியன் தொழிலாளர் பஞ்சப்படி கோரி 127 நாள் வேலைநிறுத்தம் செய்தனர். இன்று அவ்வூரில் தைக்கும் கைகளுள் ஒடிசா, பீகார் போன்ற மாநிலங்களிலிருந்து வந்தவை ஏராளம். அவர்களுள் பலரின் வாக்கு சொந்த ஊரில் இருக்கிறது; தாம் உழைக்கும் ஊரிலிருந்து தமக்கொரு ராமசாமியை அவர்கள் சட்டமன்றத்திற்கு அனுப்ப இயலாது.