தூர்பான் தாழ்நிலமும் நிலக்கீழ்க் கால்வாய்களும்

சீனத்தின் சிஞ்சியாங் பகுதியிலுள்ள தூர்பான் தாழ்நிலத்தின் மிகத் தாழ்ந்த இடம் கடல் மட்டத்துக்கு 154 மீற்றர் கீழே உள்ளது. ஆண்டு மழைவீழ்ச்சி 20 மில்லிமீற்றரையும் எட்டாத அந்நிலத்தில் முந்திரிகைக் கொடிகள் செழித்தமைக்குக் ‘கரேஸ்’ எனப்படும் நிலக்கீழ்க் கால்வாய்களே காரணமாயின. தியென்சான் மலைப்பனி உருகி மண்ணுள் ஊறிய நீரை, மென்சரிவான சுரங்கவழியே, வெயிலில் ஆவியாகாது அவை தோட்டங்களுக்குக் கொணர்ந்தன. ஊற்று அளித்த அளவே கால்வாயில் ஓடியமையால், நீர்ச்சிக்கனம் அவ்வமைப்பின் இயல்பாகவே அமைந்திருந்தது.

1957 இல் ஆயிரத்துக்கு மேற்பட்ட கரேஸ்கள் இயங்கின. பின்னர்ப் பெருகிய குழாய்க்கிணறுகளும் நீரிறைக்கும் இயந்திரங்களும் ஊற்றின் எல்லையைக் கடந்து நீரை எடுத்தன. நிலக்கீழ்நீர் மட்டம் தாழவே, கரேஸ்கள் பல வறண்டன. இன்று அத்தோட்டங்களிற் சொட்டுநீர்ப் பாசனமும் இடம்பெறுகின்றது. ஆயினும், கொடியின் அடியிற் சேமித்த நீர் புதிய தோட்டங்களுக்கே செலவாகுமாயின், நிலம் இழந்ததை மீளப் பெறாது என்பதே இவ்வரலாறு தரும் பாடமெனலாம்.