அபோப்டோசிஸ்: ஒரு சொல்லைப் பிரித்த வரலாறு

கிரேக்கத்திலிருந்து மருத்துவத்துள் வந்த நெடுஞ்சொற்களை நாம் பெரும்பாலும் மூச்சுக்கு இசைந்த இடத்தில் முறித்துப் படிக்கிறோம். முறித்த இடம் பிழையானால் சொல்லின் பொருளும் மறைந்துவிடுகிறது. இதனை எண்ணி, ஒரு சொல்லை வழக்கில் விட்டவர்களே அதன் ஒலிப்பையும் எழுதிவைத்த நிகழ்வை இவ்வுரையில் எடுத்துக்கொள்வோம்.

ஆஸ்திரேலிய நோய்க்கூற்றியல் அறிஞர் ஜான் கெர், சில உயிரணுக்கள் வீங்கி வெடிக்காமல் சுருங்கி மடிவதைக் கண்டு, 'சுருங்கி மடிதல்' என்னும் பொருளில் அதற்குப் பெயரிட்டிருந்தார். பின்னர் ஸ்காட்லாந்தின் அபர்டீன் பல்கலைக்கழகத்தில் வில்லி, கரி ஆகிய இருவருடன் அவர் பணியாற்றியபோது, அங்கிருந்த கிரேக்கப் பேராசிரியர் ஜேம்ஸ் கோர்மாக் வேறொரு சொல்லை எடுத்துக் கொடுத்தார். மரத்தினின்று இலையும் மலரினின்று இதழும் உதிர்வதைக் குறிக்கும் சொல் அது. 1972இல் மூவரும் வெளியிட்ட கட்டுரையில் 'அபோப்டோசிஸ்' அறிவியலுக்குள் நுழைந்தது.

'அபோ' என்பது விலகுதலையும் 'ப்டோசிஸ்' என்பது விழுதலையும் உணர்த்தும். மேலிமை தொங்கிப்போவதற்கு மருத்துவர்கள் முன்பே வழங்கிய பெயரும் ப்டோசிஸ்தான். அந்த உறவு தெரியவேண்டும் என்பதற்காகவே, இரண்டாம் பகர மெய்யை ஒலிக்காது, ஈற்றயலசையை அழுத்தி, 'அபோ-டோசிஸ்' எனச் சொல்லுமாறு அவர்கள் பரிந்துரைத்தனர்.

இங்கே ஒரு தடை எழுகிறது. கிரேக்கர் அந்தப் பகரத்தை ஒலித்தவர்கள். சொல்லின் தொடக்கத்தில் அம்மெய்ம்மயக்கத்தைத் தாங்காமல் அதனை விழுங்கியது ஆங்கில நாவே. மெய்யெழுத்து மொழிமுதலாகாத தமிழுக்கும் அது அரிய ஒலிதான். சொல்லிடையில் வந்தால் ஆங்கிலத்தார் அதனைத் தடையின்றி ஒலிப்பர். ஹெலிகாப்டர் அதற்குச் சான்று. சுருளைக் குறிக்கும் 'ஹெலிகோ'வும் சிறகைக் குறிக்கும் 'ப்டெர்' என்பதும் சேர்ந்த சொல் அது. உலகமோ அதனை ஹெலி, காப்டர் என்று உடைத்து, ஹெலிபேட் வரை கட்டிவிட்டது!

ஆக, 1972இன் பரிந்துரை கிரேக்க ஒலியைக் கைவிட்டு, கிரேக்கப் பிரிப்பைக் காத்தது. நாவுகள் அதற்கு முழுமையாகப் பணியவில்லை. இன்று இரு ஒலிப்பும் வழங்குகின்றன. பகரத்தை ஒலிப்பவரைத் திருத்த நாம் முற்படமாட்டோம். 'அபோப்' என ஒரு பகுதியும் 'டோசிஸ்' என மறுபகுதியுமாகப் பிரித்துக் காட்டும் பாடக்குறிப்பு கைக்கு வந்தால், அதனை மட்டும் திருத்தித் தருவோம்.