கற்றை எட்டாத கரை: அந்தமான் தமிழரும் தொலைக்காட்சியும்

புலம்பெயர் தமிழரின் ஊடக வரலாறு என்றதும் கோலாலம்பூரும் இலண்டனும் டொராண்டோவுமே நினைவுக்கு வருகின்றன. மலேசியாவில் 1996இல் தொடங்கிய ஆஸ்ட்ரோ வானவில், இலண்டனிலிருந்து ஒளிபரப்பான தீபம் ஆகியவை பற்றி ஆய்வுகளில் ஓரளவேனும் குறிப்புகள் உண்டு. கடவுச்சீட்டு இல்லாமல் கடல் கடந்த தமிழர்கள் மட்டும் இவ்வரலாற்றில் விடுபட்டுப் போகின்றனர். சென்னையிலிருந்து ஏறத்தாழ 1,360 கிலோமீட்டர் தொலைவில் வாழும் அந்தமான் தமிழர்களையே சொல்கிறேன். சட்டப்படி அவர்கள் உள்நாட்டவர். ஒளிபரப்பின் கணக்கிலோ நெடுங்காலம் வெளியூராராகவே இருந்துள்ளனர்.

2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இத்தீவுகளில் தமிழைத் தாய்மொழியாகக் குறித்தவர்கள் 17 விழுக்காட்டுக்கு மேல். 2011இல் 15 விழுக்காட்டளவு. வணிகத்துக்கும் கூலி வேலைக்கும் அரசுப் பணிக்கும் வந்தவர்களோடு, 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தை அடுத்துத் தாயகம் திரும்பி, கச்சால் தீவின் இரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்ட மலையகத் தமிழரும் இவர்களுள் அடங்குவர்.

போர்ட் பிளேயரில் அகில இந்திய வானொலி நிலையம் 1963இல் தொடங்கியது. தொலைக்காட்சி அவ்வாறு எளிதில் கடல் கடக்கவில்லை. 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியபோது, அதன் கோபுர அலைகள் சுற்றுவட்டாரத்தைத் தாண்டவில்லை. தீவுகளுக்குச் செயற்கைக்கோள் ஒன்றே வழி. 1982இல் இன்சாட் வழியாக நாடெங்கும் சென்றது சென்னையின் நிகழ்ச்சி அன்று; இந்தியிலும் ஆங்கிலத்திலும் அமைந்த தில்லியின் தேசிய ஒளிபரப்பு. ஆக, வீட்டுக்குள் முதலில் வந்த திரையின் மொழி வீட்டின் மொழியாக இல்லை.

1993 ஏப்ரல் 14 அன்று சன் தொலைக்காட்சி தொடங்கிய பின்னர் நிலைமை மாறியது. இங்கு ஒரு தொழில்நுட்பச் செய்தியைக் கவனிக்க வேண்டும். கேபிள் நடத்துநர்கள் பெரிய தட்டுகளால் ஏற்கும் சி-கற்றை பரந்த நிலப்பரப்பில் விழுவது. மழையால் அதிகம் நலியாதது. வீட்டுக் கூரையின் சிறு தட்டுக்குரிய கேயு-கற்றையோ குறுகிய பரப்பில் குவிக்கப்படுவது, கனமழையில் மங்குவது. தீவுகளில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்கிறது. 2004 டிசம்பரில் தூர்தர்ஷன் தனது இலவச நேரடிச் சேவையைக் கேயு-கற்றையில் தொடங்கியபோது, அதன் எட்டுப் பரப்புக்குள் அந்தமான் இல்லை. பின்னர் இத்தீவுகளுக்கென்றே சி-கற்றையில் பத்து அலைவரிசைகள் கொண்ட தனிச் சேவை வந்தது. ‘நாடு முழுவதும்’ என்ற தொடருக்கு அரசு ஆவணங்களிலேயே ‘அந்தமான் நிக்கோபார் நீங்கலாக’ என்றொரு வால் சேர்ந்த கதை இதுதான்.

நேரமும் ஒரு தடையே. சென்னையைவிட ஏறக்குறைய 50 நிமிடம் முன்னதாகவே இங்குக் கதிரவன் எழுகிறது. கடிகாரம் மட்டும் ஒன்றே. குளிர்காலத்தில் மாலை ஐந்து மணியை ஒட்டியே இருட்டிவிடும். சென்னையின் அந்திப்பொழுதுக்கென வகுக்கப்பட்ட நிகழ்ச்சி நிரல், இங்கு இருட்டிய பின்னரே வந்து சேர்கிறது.

2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னைக்கும் போர்ட் பிளேயருக்கும் இடையே, பிற தீவுகளையும் இணைத்து, சுமார் 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடிக் கண்ணாடியிழை வடம் பயன்பாட்டுக்கு வந்தது. விரும்பிய தமிழ் நிகழ்ச்சியை விரும்பிய நேரத்தில் காண இயலும் என்ற நிலை அதன் பின்னரே இயல்பாகத் தொடங்கியது.

மொழியியல் மாணவன் என்ற முறையில் எனது கவலை இதற்கு அப்பால் உள்ளது. கோலாலம்பூரிலும் இலண்டனிலும் தமிழர்கள் தங்கள் வாழ்வைத் தாங்களே திரையில் பேசினர். அந்தமான் தமிழருக்குக் கிடைத்ததில் பெரும்பகுதி சென்னையில் சமைத்த தமிழ். தீவின் தெருமொழி இந்தி. பல வீடுகளில் பிள்ளைகள் தமிழைக் கேட்டுப் புரிந்துகொள்கின்றனர், மறுமொழி இந்தியில் வருகிறது. திரை செவியைக் காக்கும். நாவைக் காக்க உரையாடுவோர் வேண்டும். விழுக்காடு குறைந்ததற்குப் பிறமொழியினரின் குடியேற்றம் போன்ற காரணங்களும் இருக்கலாம் என்பதால், அதனை மொழியிழப்பு என்று உடனே முடிவுகட்ட நான் துணியவில்லை. ஆயினும், பல மொழிகளோடு உரசி இங்கு உருவான தமிழ் எந்தத் திரையிலும் போதிய அளவு பதிவாகாமலே போகிறது என்பது எனது துணிபு.

அலைவரிசைகளின் எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் இவ்வரலாற்றை எழுத இயலாது. கேபிள் இரசீதுகள், வானொலிக்கு நேயர்கள் எழுதிய கடிதங்கள், கப்பலில் வந்த ஒளிநாடாக்கள் ஆகியவை இன்னும் சில வீடுகளின் பெட்டிகளில் இருக்கக்கூடும். உப்புக்காற்று அவற்றை நெடுநாள் விட்டுவைக்காது. தீவுகளோடு தொடர்புடைய நண்பர்கள் அவற்றைப் படியெடுத்துப் பாதுகாக்குமாறு வேண்டுகிறேன்.