குறைந்த நீரில் பசுமை மைதானம்: அருகம்புல்லின் புதிய ரகங்கள் உருவாகும் விதம்

மும்பை: மகாராஷ்டிரத்தில் கடும் வறட்சி நிலவிய 2016 ஏப்ரலில், ஐபிஎல் கிரிக்கெட் மைதானங்களைப் பராமரிக்கத் தண்ணீர் செலவிடப்படுவதை எதிர்த்து வழக்குத் தொடரப்பட்டது. அதை விசாரித்த மும்பை உயர் நீதிமன்றம், ஏப்ரல் 30-க்குப் பிந்தைய போட்டிகளை மாநிலத்துக்கு வெளியே மாற்றுமாறு உத்தரவிட்டது. மைதானத்துப் பசுமைக்கு எவ்வளவு நீர் தேவை என்ற கேள்வி அப்போது பரவலாக எழுந்தது. புல் ரகங்களை மேம்படுத்தும் விஞ்ஞானிகள் நெடுங்காலமாக விடை தேடி வரும் கேள்வியும் அதுவே.

உலகம் சுற்றிய அருகம்புல்

புல்தரைக்கு ஏற்ற புற்கள் குளிர் பருவப் புற்கள், வெப்பப் பருவப் புற்கள் என இரு வகைப்படும். பின்னவை 27 முதல் 35 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் செழித்து வளரும். இவற்றுள் முதன்மையானது பெர்முடா புல். தமிழர்கள் விநாயகருக்குச் சாத்தும் அருகம்புல்லே உலகச் சந்தையில் இப்பெயரால் அறியப்படுகிறது. ஓடுதண்டுகளாலும் நிலத்தடித் தண்டுகளாலும் பரவுவதால், மிதிபட்டுச் சிதைந்த இடத்தையும் இது விரைவில் மூடிவிடும்.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்திலுள்ள டிஃப்டன் நகரில் பணியாற்றிய கிளென் பர்ட்டன், இப்புல்லின் மேம்பாட்டில் முன்னோடி ஆவார். அருகம்புல்லும் மெல்லிய இலைகளைக் கொண்ட ஆப்பிரிக்கப் புல் இனமும் கலந்து உருவான 'டிஃப்வே' ரகம் அங்கிருந்து 1960-இல் வெளியிடப்பட்டது. பர்ட்டனின் பணி இந்தியாவுக்கும் பயன்பட்டது. அவர் உருவாக்கிய ஆண்மலட்டுக் கம்பு வரிசையைக் கொண்டே 1965-இல் இந்தியாவின் முதல் வீரிய ஒட்டுக் கம்பு ரகமான எச்.பி.1 வெளியானது.

விதை இல்லை, கதிர் உண்டு

பொதுவாக அருகம்புல்லில் 36 குரோமோசோம்களும், ஆப்பிரிக்க இனத்தில் 18 குரோமோசோம்களும் உள்ளன. இவற்றின் கலப்பினத்தில் 27 மட்டுமே இருப்பதால் அது முளைக்கும் விதையைத் தருவதில்லை. தண்டுத் துண்டுகளை நட்டே அதைப் பெருக்க வேண்டும். இதனால் மைதானம் முழுவதும் ஒரே சீராக அமைகிறது. ஆனால், எல்லாச் செடிகளும் ஒரே மரபணு அமைப்பு உடையவை என்பதால், ஒரு நோய் தாக்கினால் முழு மைதானமும் பாதிக்கப்படும் அபாயம் உண்டு.

மேலும், மலட்டு ரகத்தை வேறொன்றுடன் கலப்பினம் செய்ய இயலாது. எனவே தண்டுகள் மீது காமா கதிர்களைச் செலுத்தி, அதனால் மாறுபட்டு வளரும் செடிகளிலிருந்து சிறந்தவை தேர்ந்தெடுக்கப்படுகின்றன. 'டிஃப்வே 2', கோல்ஃப் திடல்களுக்கான 'டிஃப்ஈகிள்' ஆகியவை இம்முறையில் உருவானவை. செம்பூரை அடுத்த டிராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையமும் கதிர்வீச்சைப் பயன்படுத்தி நிலக்கடலை, பயறு உள்ளிட்டவற்றில் 60-க்கும் மேற்பட்ட பயிர் ரகங்களை உருவாக்கியுள்ளது.

இலக்கு மாறியது

மென்மையும் அடர்த்தியுமே தொடக்கத்தில் முதன்மையாகக் கருதப்பட்டன. இன்று நீர்ச் சிக்கனம் முன்னிலை பெற்றுள்ளது. 1990-களின் தொடக்கத்தில் டிஃப்டனில் உருவாக்கப்பட்ட ஆயிரக்கணக்கான கலப்பினச் செடிகளை ஏறத்தாழ 20 ஆண்டுகள் சோதித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டதே 'டிஃப்டஃப்' ரகம். இது டிஃப்வேயைவிட 38 சதவீதம் குறைவான நீரில் பசுமையுடன் இருக்கும் என ஜார்ஜியா பல்கலைக்கழகம் தெரிவிக்கிறது.

மும்பையின் தேவை

மும்பையில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்தாலும், அதில் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான நான்கு மாதங்களில் கொட்டித் தீர்க்கிறது. எஞ்சிய மாதங்கள் பெரும்பாலும் வறண்டவை. எனவே, மாட்டுங்காவின் விளையாட்டு மைதானமானாலும் செம்பூரின் கோல்ஃப் திடலானாலும், அங்குள்ள புல் நீர்த்தேக்கத்தையும் வறட்சியையும் ஒருசேரத் தாங்க வேண்டும்.

சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீரை மைதானங்களுக்குப் பாய்ச்சும் யோசனை 2016 வழக்கின்போதும் முன்வைக்கப்பட்டது. அந்நீரில் உப்பு மிகுந்திருக்க வாய்ப்புள்ளதால், உவர்ப்பைத் தாங்கும் தன்மையும் அவசியமாகிறது. கடலோரங்களில் இயல்பாக வளரும் பாஸ்பலம் புல் இத்தன்மை கொண்டது. எனினும், அயல்நாட்டில் சிறந்து விளங்கும் ரகம் மும்பை மண்ணிலும் அவ்வாறே விளங்கும் என்று கொள்ள முடியாது. ஒரு மழைக்காலத்தையும் அதைத் தொடரும் கோடையையும் உள்ளூர் மண்ணில் கடந்து காட்டிய ரகத்தைத் தேர்ந்தெடுத்தால், குடிநீருக்குப் போட்டியாக அமையாத விளையாட்டுத் திடல்கள் நகருக்குக் கிடைக்கும்.