நான்கு நொடிச் சோதனை பிறந்த கதை

கூடைப்பந்தில் பாயிண்ட் கார்டாக ஆடுபவரைக் கொஞ்ச நேரம் கவனியுங்கள். பந்தைத் தட்டிக்கொண்டே வருவார். எதிரணித் தடுப்பாளர் ஒருவர் வலப்பக்கம் அரை அடி நகர்வார். அந்தக் கணமே பந்து இடது மூலைக்குப் போய்விடும். அங்கே நின்ற தன் ஆளை அவர் திரும்பிப் பார்த்த மாதிரியே இருக்காது. “என்னா கண்ணுய்யா!” என்று கூட்டத்தில் யாராவது சொல்வார்கள். இது கண்ணின் வேலைதானா என்று கண்டறிய ஒரு சோதனை வந்தது. அதன் வேர் சதுரங்கப் பலகையில் இருக்கிறது.

நெதர்லாந்துக்காக 1937, 1939 சதுரங்க ஒலிம்பியாடுகளில் ஆடியவர் அட்ரியான் டி க்ரூட். உளவியல் படித்தவர். கிராண்ட்மாஸ்டர்கள் எதனால் உயர்ந்து நிற்கிறார்கள் என்பதே அவருடைய கேள்வி. அலெகைன், மாக்ஸ் யூவே போன்ற ஜாம்பவான்களின் முன்னால் ஓர் ஆட்டநிலையை வைத்து, யோசிப்பதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லச் சொன்னார். பெரிய ஆட்டக்காரர்கள் பல நகர்த்தல்களை முன்கூட்டியே எண்ணிப் பார்ப்பவர்கள் என்றுதான் நாமும் நினைப்போம். அந்தக் கணக்கில் அவர்களுக்கும் மற்ற நல்ல ஆட்டக்காரர்களுக்கும் பெரிய இடைவெளி தெரியவில்லை. ஆட்டநிலையைச் சில நொடிகள் மட்டும் காட்டி, மறைத்துவிட்டு, நினைவிலிருந்து அடுக்கச் சொன்னபோதுதான் இடைவெளி பளிச்சென்று தெரிந்தது. பெரியவர்கள் கிட்டத்தட்ட எல்லாக் காய்களையும் சரியான கட்டத்தில் வைத்தார்கள். 1946இல் இது ஆய்வேடாக வந்தது.

அப்படியானால் அவர்களுக்கு அபார ஞாபகசக்தியா? 1973இல் அமெரிக்காவில் வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் இதைச் சோதித்தார்கள். காய்களைத் தாறுமாறாக இறைத்துவைத்து ஐந்து நொடி காட்டினார்கள். மாஸ்டரின் சிறப்பு காணாமல் போனது. புதிதாக ஆடப் பழகியவரும் அவரும் ஒன்றாகிவிட்டார்கள். ஆட்டத்தின் ஒழுங்கு இருந்தால்தான் அந்தப் பார்வை வேலை செய்கிறது. என் மனதில் இந்த முழுக் கதையின் உச்சம் இதுதான்.

இதைச் சதுரங்கப் பலகையிலிருந்து ஆடுகளத்துக்கு இறக்கியவர்கள் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள். 1980இல் ஃபிரான் அலார்டும் சகாக்களும் கூடைப்பந்து ஆட்டப் படங்களை நான்கு நொடி காட்டி, யார் எங்கே நின்றார்கள் என்று கேட்டார்கள். திட்டமிட்ட தாக்குதல் நடக்கும் படங்களில் ஆட்டக்காரர்கள் மற்றவர்களை மிஞ்சினார்கள். பந்து கைமாறி எல்லோரும் சிதறி ஓடும் படங்களில் மிஞ்சவில்லை. சதுரங்கத்தில் கண்டதேதான் இங்கும்.

ஆனால் வாலிபால் முரண்டு பிடித்தது. அதே ஆண்டு அலார்டும் ஜேனட் ஸ்டார்க்ஸும் செய்த சோதனையில், வீரர்களின் இடங்களை நினைவுகூர்வதில் ஆட்டக்காரர்களுக்கு மேன்மை இல்லை. கண்சிமிட்டும் நேரம் தோன்றும் படத்தில் பந்து இருக்கிறதா என்று சொல்வதில் மட்டும் அவர்கள் முந்தினார்கள். வாலிபாலில் தாக்கும் அணி அடிப்பதுபோல் எழும்பி ஏமாற்றும். அந்த ஏமாற்றில் மயங்காமல் பந்தைத் தேடுவதே தடுப்பவரின் பிழைப்பு. இப்படி ஒரு விளக்கம் வந்தது. 1987இல் ஆஸ்திரேலியாவின் புரூஸ் அபர்னெத்தி இன்னொருவருடன் சேர்ந்து, அசையாப் படத்துக்குப் பதில் வீடியோவைக் காட்டினார். அப்போது வாலிபால் ஆட்டக்காரர்களும் தேறினார்கள். ஓடும் ஆட்டத்தை நிறுத்திவைத்த படத்தால் அளந்ததில் இருந்த குறை அது என்றே எனக்குத் தோன்றுகிறது.

அதே 1987இல் ஸ்டார்க்ஸ் கனடாவின் தேசியப் பெண்கள் ஹாக்கி அணியைச் சோதித்தார். வெறும் எதிர்வினை வேகம், நகரும் பொருளைப் பார்க்கும் கூர்மை ஆகியவற்றில் தேசிய வீராங்கனைகள் தனித்து நிற்கவில்லை. ஆட்டச் சூழலை நினைவில் கொள்வதில்தான் நின்றார்கள்.

பள்ளி அணிக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கும் உடற்கல்வி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். உயரத்தையும் ஓட்ட வேகத்தையும் அளந்ததோடு விட்டுவிடாதீர்கள். பயிற்சி ஆட்டத்தின் நடுவே விசில் ஊதி, எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லி, யார் எங்கே நிற்கிறார்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்த பிள்ளை குள்ளமாக இருந்தாலும் அணியில் இடம் கொடுங்கள்.