ஐந்தடி நிழல்

பினாங்கு ஜார்ஜ் டவுனிலே உச்சிவேளையிற் சூலியா தெருவில் நடப்பவன் முதலில் நாடுவது நிழலையே. அந்நிழல் யார் இட்ட பிச்சை? பிச்சையன்று, சட்டத்தாற் பிறந்த உரிமை. இதனை நம்மவரிற் பலர் அறியார்.

1805-இல் பினாங்கில் உதவிச் செயலாளராய் வந்திறங்கிய ஸ்டாம்போர்டு ராபிள்ஸ், 1822-இல் சிங்கப்பூர் நகரை வகுத்தபோது, தெருவின் இருமருங்கிலும் ஒவ்வொரு வீட்டின் முன்னும் கூரையிட்ட தாழ்வாரம் இடையறாது அமைந்து எந்நேரமும் திறந்திருத்தல் வேண்டுமென விதித்தார். அம்முறை பின்னர்ப் பினாங்கிலும் வேரூன்றிற்று. நிலம் வீட்டுக்காரனுடையது, நடக்கும் உரிமையோ ஊராருடையது! மலாய்க்காரர் இதனைக் ‘காக்கி லீமா’ என்பர். நாம் ஐந்தடி என்கிறோம்.

இதன் நுட்பம் எளியது. மேல்மாடி முன்னே கவிந்து நிற்பதால் கடைவாசலில் வெயிலும் மழையும் படுவதில்லை. ஒடுங்கி நீண்ட வீட்டின் நடுவே வானம் பார்த்த முற்றமுண்டு. சூடேறிய காற்று அதன்வழி மேலெழ, நிழலிற் குளிர்ந்த காற்று வாசல்வழி உட்புகும். செட்டிநாட்டு வீட்டில் வளர்ந்தவருக்கு இது புதிதன்று. கரியும் வேண்டா, மின்கம்பியும் வேண்டா.

ஆயினும் ஐந்தடிக்குப் பகையும் உண்டு. கடைக்காரர் சரக்கை அடுக்கி வழியை அடைத்தனர். 1888-இல் சிங்கப்பூர் நகரசபை அவற்றை அகற்ற முனைந்தபோது கடைகள் மூடப்பட்டன, கலகமே மூண்டது. அத்தாழ்வாரத்திலேயே கூடை வைத்துப் பிழைத்த ஏழையும் இருந்தான் என்பதை நாம் மறத்தலாகாது. அவனையும் பெருங்கடைக்காரனையும் ஒரே தராசில் நிறுத்தல் நேர்மையன்று.

2008-இல் யுனெஸ்கோ ஜார்ஜ் டவுனை உலக மரபுரிமை நகரமாக்கிற்று. முகப்புகள் காக்கப்படுகின்றன, நன்று. ஆனால் உள்ளே குளிர்சாதனம் ஓடுகிறது. அது வெளியேற்றும் அனல் தெருவிற் பாய்கிறது. அதற்கான மின்சாரமோ பெரும்பாலும் நிலக்கரியிலும் எரிவாயுவிலும் பிறப்பது. உள்ளிருப்பவன் குளிர்கிறான், தெரு கூட்டும் தொழிலாளி வேகிறான். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைச் சாலையெங்கும் பந்தலிட்டு மோர் வார்க்கும் நம் செல்வர், மற்றை நாட்களில் அத்தொழிலாளியை நினைப்பதுண்டா?

இப்பொழுது ஐக்கிய நாடுகளின் குடியிருப்பு அமைப்பும் திங்க் சிட்டி நிறுவனமும் துணைநிற்க, சுமார் 1 கோடி அமெரிக்க டாலர் உதவியுடன், ஜார்ஜ் டவுனிலும் பாயான் லெப்பாசிலும் மரம் நட்டு வெப்பந் தணிக்கும் திட்டம் வகுக்கப்பட்டுள்ளது. வரவேற்கிறோம். அதனோடு அடைபட்ட ஐந்தடிகளும் திறக்கப்படவேண்டும். பொதுச்சந்தைக் கூரைகளிற் சூரியத் தகடு பதித்து, அம்மின்சாரத்தாற் கீழே விற்போர்க்கு விசிறி சுழற்றவேண்டும். பினாங்கு ரோட்டிலுள்ள சௌராஸ்தா சந்தையிலேயே தொடங்கலாம்.