கைவழிக் கல்வியும் காலனிய வரலாறும்: வடசென்னைப் பள்ளிகளை முன்வைத்து

தென்னிந்தியாவின் முதல் பயணியர் புகைவண்டி 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை நோக்கிப் புறப்பட்டது. வடசென்னைப் பள்ளி ஒன்றின் தமிழ் மன்றத்திற்குச் சொற்பொழிவாற்றச் சென்றிருந்தபோது, எட்டாம் வகுப்பு மாணவியர் இச்செய்தியை நாளும் ஆண்டும் பிழையாமல் ஒப்பித்தனர். "அந்த நிலையத்தைப் பார்த்தவர் யார்?" என்று கேட்டேன். ஒரு கையும் உயரவில்லை. முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து, "அது வேற ராயபுரம்னு நெனச்சேன் மிஸ்" என்றாள். பள்ளிக்கும் நிலையத்திற்கும் இடையே கால்மணி நேர நடைதான்.

அப்பெண்ணைக் குறைகூற எனக்குத் தகுதியில்லை. கல்லூரியில் பல்லாண்டுகள் குறிப்புச் சொல்லி எழுதவைத்தவள் நான். ஆயினும் அவ்விடை என்னை உறங்கவிடவில்லை. அச்சில் ஏறிய இராயபுரம் தன் தெருவாக இருக்க இயலாது என்று ஒரு குழந்தை நம்புமாயின், வரலாறு தன்னைப் போன்றோர்க்கு நேர்வதன்று என்பதையே அது கற்றிருக்கிறது. காலனிய வரலாற்றைக் கையால் தொட்டுக் கற்பிக்க வேண்டும் என நான் வாதிடுவது இதுபற்றியே.

மணலில் எழுதிய விரல்

இது புதுமையன்று. ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789 முதல் சென்னை எழும்பூரில் ஆண் குழந்தைகள் காப்பகம் ஒன்றின் பள்ளியை நடத்தினார். நம் நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு அதனைத் தம் பள்ளியில் புகுத்தினார். மூத்த மாணவன் இளையவனுக்குக் கற்பிக்கும் முறையையும் வகுத்தார். 1797இல் இலண்டனில் அவர் வெளியிட்ட நூலின்வழி அது 'சென்னை முறை' என்று பெயர்பெற்று இங்கிலாந்தின் பள்ளிகளில் பரவியது. திண்ணையில் இருந்த மணல் கப்பலேறிய கதை இது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றல், தொடக்க வகுப்புகளில் கைக்கு மீண்டும் இடந்தந்தது. எனினும் வரலாறு தனிப்பாடமாக விரியும் வகுப்புகளில் நாம் பெரும்பாலும் கேள்வி-பதிலுக்கே திரும்பிவிடுகிறோம்.

ஆணியில்லாப் படகு

அப்பள்ளியின் ஆசிரியை இசைவுடன் சில சனிக்கிழமைகள் சிறு முயற்சிகள் செய்து பார்த்தோம். முதலாவது படகு பற்றியது. 1639இல் கும்பினியார் இடம்பெற்ற இக்கரையில் இயற்கைத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்கும். கவர்னராயினும் கடைநிலைச் சிப்பாயாயினும் அலைகளைக் கடந்து கரைசேர மசூலாப் படகையே நம்ப வேண்டும். துறைமுகக் கட்டுமானம் 1870களில்தான் தொடங்கியது. 1881ஆம் ஆண்டுப் புயல் அதனையும் சிதைத்தது. அதுவரை இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக ஒரு பேரரசின் வாணிகம் நம் படகோட்டிகளின் கையில் இருந்தது எனின் மிகையாகாது.

மசூலாவில் ஆணி இல்லை. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பர். பழைய பெட்டிப் பலகைகள் இரண்டில் துளையிட்டு மாணவியரிடம் கயிறு கொடுத்தோம். முடிச்சு நில்லாமல் நழுவியது. காசிமேட்டிலிருந்து ஒருத்தியின் தாத்தா வந்தார். தம் தந்தையார் படகு தைத்ததைப் பார்த்தவர். "ஆணி அட்ச்சா அலை ஒடச்சுடும்மா. கயிறுன்னா அலைக்கு வளைஞ்சு குடுக்கும்" என்றார். பத்துப் பக்கப் பாடம் அவ்விரு தொடர்களுள் அடங்கிற்று. அதனினும் பெரிது, அப்பேத்தி தன் தாத்தாவைப் பார்த்த பார்வை.

இரு குவியல்கள்

இரண்டாவது முயற்சி அரிசி நிறுத்தல். எண்ணூர் வரையிலான கால்வாய் 1806இல் தொடங்கியது. விறகும் உப்பும் அதன்வழி நகருக்கு வந்தன. 1876-78 பெரும் பஞ்சத்தின்போது, நிவாரண வேலையாகக் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி வெட்டப்பட்டது. கால்வாய்க்கு அன்றைய கவர்னர் பக்கிங்காம் கோமகன் பெயர் வாய்த்தது. மண் சுமந்தோர் பெயர் எதுவும் அதில் இல்லை.

1877 ஜனவரியில் ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலைசெய்யும் ஆடவனுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 450 கிராம் தானியமும் ஓரணாவும் போதுமென்றார். சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் அதனை எதிர்த்து 680 கிராமேனும் வேண்டுமென்றார். சில வாரங்களில் அரசு அளவைச் சற்று உயர்த்த நேர்ந்தது. மளிகைக் கடைத் தராசை இரவல் வாங்கி இரு குவியல்களையும் மேசைமேல் வைத்தோம். பிறகு வேறுபாடான 230 கிராமைத் தனியே கொட்டினோம். அச்சிறு குவியலைக் குறித்தே அலுவலர்கள் வாதிட்டனர் என்றபோது வகுப்பு அடங்கிப்போயிற்று. "இத்த துன்னுட்டு நாள்முச்சூடும் மண்ணு வெட்டணுமா மிஸ்?" என்றாள் ஒருத்தி. அவ்வினாவுக்குப்பின் நான் விளக்க ஒன்றுமில்லை.

ஓர் எச்சரிக்கை

செயல்வழி என்றதும் வேடமிட்டு நடிக்கவைக்கும் வழக்கம் உண்டு. ஒரு பிள்ளை துரை, ஒரு பிள்ளை கூலி. காலனிய வரலாற்றில் இது தீங்கு. பட்டினியை நடித்துக் காட்டலாகாது. அவமானத்தை இன்னொரு முறை குழந்தையின் முதுகில் ஏற்றலாகாது. கயிறு, தராசு, செங்கல் ஆகிய பொருள்களே பேசட்டும். பழைய வண்ணாரப்பேட்டை மாடிப் பூங்காவின்கீழ் எஞ்சியுள்ள நகர மதிலைப் பிள்ளைகள் தம் முழங்கையால் அளக்கட்டும். பிரெஞ்சுக்காரர் 1746இல் நகரைப் பிடித்ததும் ஐதர் அலியின் படை வந்ததும் எவ்வளவு அச்சத்தை விளைத்தன என்பதை அம்மதிலின் பருமன் சொல்லும்.

நம் வட்டத்தின் பணி

தமிழ் படித்தோர்க்கு இதில் தனிப் பங்குண்டு. திருவொற்றியூர்க் காலடிப்பேட்டையை எடுத்துக்கொள்வோம். 1717 முதல் 1720 வரை கவர்னராயிருந்த ஜோசப் காலட் நெசவாளர்க்கென அமைத்த காலட்பேட்டை அது. மக்கள் நாவில் துரை தேய்ந்து காலடியானார். ஆவணம் அறியாத ஒரு தீர்ப்பை மொழி எழுதிவிட்டது எனலாம்.

நம் வட்டம் பத்தாண்டுகளில் எத்தனையோ கவியரங்குகள் கண்டது. பதினோராம் ஆண்டில் நம் கவிஞர்கள் மாதம் ஒரு சனிக்கிழமையைப் பள்ளிக்குத் தர வேண்டும். படகு, உப்பளம், தறி ஆகியவற்றின் சொற்களை முதியோர் வாயிலிருந்து பிள்ளைகளைக் கொண்டே எழுதுவிக்க வேண்டும். தையல் முடிச்சு அறிந்த கைகள் குறைந்துவருகின்றன. அவை ஓயுமுன் இதைத் தொடங்குவோம்.

கடைசிச் சனிக்கிழமை அம்மாணவியரை இராயபுரம் நிலையத்திற்கு நடத்திச் சென்றேன். 'வேறு ராயபுரம்' என்ற பெண் முகப்புத் தூணில் உள்ளங்கையை வைத்து நெடுநேரம் நின்றாள். "நம்ம ராயபுரந்தான் மிஸ்" என்றாள்.